அப்பா இருக்கையை விட்டு எழவில்லை

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது எங்கள் உதைபந்தாட்ட அணி அமெரிக்காவுக்குப் போனது. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே செயற்கைப் புல் விரித்த ஒரு சின்ன மைதானம்தான் எங்களுடையது. அந்தப் பயணத்துக்காக நாங்கள் பதினாறு பெண் பிள்ளைகளும் இரண்டு குளிர்காலம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கழிப்பறைக் கடதாசிச் சுருள் விற்றோம். நோர்வேயில் பிள்ளைகளின் அணி எங்கே போவதென்றாலும் முதலில் அதைத்தான் விற்கும். எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அந்த வருடம் குளியலறை அலுமாரி மூடவில்லை.

நடு அமெரிக்காவின் ஒரு நகரத்தில் கோடையில் நடக்கும் இளையோர் போட்டியில் ஆடுவது என்று பெயர். உண்மையில் எங்கள் எல்லோருடைய கண்ணும் வேறொன்றில் இருந்தது. அதே வாரம் அதே நகரத்தில் நோர்வேயின் பெண்கள் தேசிய அணி அமெரிக்காவோடு ஆட இருந்தது.

அப்பா வருவதாக இருக்கவேயில்லை. துணைக்கு வர இருந்த ஒரு தாய், புறப்பட ஒரு வாரம் இருக்கையில் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். எங்கள் பயிற்றுநர், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் உயரமான நோர்வேப் பெண், ஒவ்வொரு வீடாகத் தொலைபேசி எடுத்தார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. கோடையில் அவருக்கு விடுமுறை கிடையாது. அப்பா டிராம் ஓட்டுநர். அவருக்கு லீவு இருந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு அப்பா என்னிடம் கேட்டார்: "நான் மைதானத்துக்குள்ள வரவேணும் எண்டு இல்லைத்தானே?"

"அப்பா, மட்ச் பாக்கத்தானே போறம்," என்று நான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

ஏழு வயதிலிருந்து பயிற்சிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அப்பாதான். ஆனால் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. மற்றப் பெற்றோர் கோட்டுக்குப் பக்கத்தில் கோப்பிக் குடுவையோடு நிற்பார்கள். அப்பா கம்பி வேலிக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நிற்பார். மழையிலும் அங்கேதான். நோர்வேக்காரரோடு கதைக்கக் கூச்சம் என்று நினைத்தேன். அந்த வயதில் அது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

அமெரிக்க விமான நிலையத்தில் எங்கள் இருபது பேரில் அப்பாவை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி ஒரு கதவுக்குள் கூட்டிப் போனார்கள். விமானங்கள் மோதி இரட்டைக் கோபுரங்கள் விழுந்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு மணி நேரம் நாங்கள் பயணப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தபோது அவருடைய சட்டை கழுத்துப் பித்தான் வரை பூட்டப்பட்டிருந்தது. என்ன கேட்டார்கள் என்று பயிற்றுநர் விசாரித்தார். "எல்லாம் சரி," என்று அப்பா நோர்வே மொழியில் சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் கை வைக்கவில்லை.

போட்டியில் நாங்கள் ஒன்றைத் தவிர எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். வெக்கை அப்படி. ஐந்தாம் நாள் பின்னேரம் எங்கள் சிவப்புச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு தேசிய அணியைப் பார்க்கப் போனோம்.

ஒஸ்லோவில் ஆட்டத்துக்குப் போவதென்றால் நிலக்கீழ் ரயிலில் ஏறி, படி ஏறி வெளியே வந்தால் மைதான வாசல். அங்கே அப்படி இல்லை. பேருந்து எங்களை வாகனத் தரிப்பிடத்தின் ஒரு அந்தத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. தார் போட்ட வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. மரம் இல்லை, வீடு இல்லை, கடை இல்லை. நடுவே வட்டமாக, ஜன்னல் ஒன்றும் இல்லாமல், சாம்பல் நிறச் சீமெந்தில் ஒரு கட்டடம். அமெரிக்கர்கள் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் தங்கள் உதைபந்தையும் அங்கேதான் ஆடுவார்கள், மட்டையால் அடிக்கும் பேஸ்போலையும் அங்கேதான் ஆடுவார்கள், பாட்டுக் கச்சேரியும் அங்கேதான் என்று பயிற்றுநர் சொன்னார். தாருக்குள்ளிருந்து சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. எங்கள் பிள்ளைகள் பாடிக்கொண்டு போனார்கள். அப்பா எல்லோருக்குமான வாழைப்பழமும் பாணும் வைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாக வந்தார்.

வாசலில் கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒரு கருவியை உடம்பு நீளத்துக்கும் தடவினார்கள். எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. அப்பா இரண்டு கையையும் தேவைக்கு அதிகமாக உயர்த்தினார். கருவி போய் முடிந்த பிறகும் இறக்கவில்லை. காவலர்தான் அவருடைய முழங்கையைத் தொட்டு இறக்கிவிட்டார்.

உள்ளே வந்ததும் அப்பா கேட்டார்: "இதால வந்தா இதாலதான் போகலாமோ?"

"எத்தினையோ வாசல் இருக்கு அப்பா."

"எண்ணிப் பாத்தனியோ?"

நான் முன்னால் ஓடினேன். எனக்குப் புல்லைப் பார்க்க அவசரம்.

புல் ஏமாற்றமாக இருந்தது. பேஸ்போலுக்கான செம்மண் திடலை மறைக்கப் புல்லைப் பாய் போலச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்திருந்தார்கள். பொருத்துகள் எல்லாம் தெரிந்தன. எங்கள் ஆட்டத்தின் வெள்ளைக் கோடுகளுக்குக் கீழே அமெரிக்க ஆட்டத்தின் கோடுகளும் இலக்கங்களும் அழித்தும் அழியாமல் கிடந்தன. மேல் தட்டு முழுவதும் ஆளில்லை. இருக்கைகளைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டிருந்தார்கள். கீழே இருந்த சனமும் அந்தப் பெரிய வட்டத்துக்குப் போதவில்லை. யாராவது கத்தினால் சத்தம் எதிர்ப் பக்கம் போய் முட்டி, பிந்தி வந்தது.

எங்களுடைய இருக்கை நீளமான அலுமினிய வாங்கு. அப்பா கரையில், படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியும் அவர் பந்தைப் பார்க்கவில்லை. மஞ்சள் உடுப்புப் போட்ட காவலர்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வானத்தின் நிறம் மாறியது. அந்த மாதிரி நிறத்தை நான் ஒஸ்லோவில் கண்டதில்லை. கறுப்பு அல்ல; பழைய செம்புக் குடத்தின் களிம்பு போல ஒரு பச்சை. காற்று சட்டென்று நின்றது. கொடிகள் தொங்கின. எங்கோ தூரத்தில் ஓர் அபாயச் சங்கு ஊதத் தொடங்கி, ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். வீராங்கனைகள் ஓடி உள்ளே போனார்கள். பிறகு ஒலிபெருக்கியில் ஆண் குரல் ஒன்று, அவசரமே இல்லாத குரல்: எல்லோரும் உடனே இருக்கைகளை விட்டு எழுந்து உள்ளே போகவும். காவலர்கள் காட்டும் வழியில் போகவும். உடைமைகளை எடுத்துக்கொள்ளவும்.

பெரிய திரையிலும் அதே வாசகம் ஒளிர்ந்தது. மின்னலும் புயல் எச்சரிக்கையும். சனம் பழக்கப்பட்டது போல எழுந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த சீமெந்துப் பாதைக்குள் நடந்தது. பயிற்றுநர் எங்களை எண்ணி எழுப்பினார். நானும் எழுந்தேன். அப்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு."

"அப்பா, போகச் சொல்லுறாங்க. மின்னல்."

"நாங்க போறேல்ல."

"எல்லாரும் போறாங்க அப்பா. பாருங்க."

"எல்லாரும் போவினம்," என்றார். "நீ இரு."

பயிற்றுநர் கீழே இருந்து என் பெயரைக் கூப்பிட்டார். அவரிடம் பதினைந்து பிள்ளைகள். அவர்களை உள்ளே விட்டுவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். சனம் வடிந்தது. கடைசியாகப் போன ஒரு கிழவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அந்தப் பக்கத்து வாங்குகள் முழுவதிலும் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் மின்னல் எதிர்த் தட்டுக்குப் பின்னால் இறங்கியது. இடி சீமெந்து வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. வாங்கின் அலுமினியம் தொடையில் அதிர்ந்தது. நான் கையை இழுத்தேன். அப்பாவின் விரல்கள் இறுகின. அவர் என்னை ஒரு நாளும் அப்படிப் பிடித்ததில்லை. அழத் தொடங்கினேன். அது மின்னலுக்குப் பயந்து அல்ல.

மழை ஊற்றத் தொடங்கியபோது இரண்டு காவலர்கள் படியில் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவன் இளவயது, பெரிய உடம்பு. எழும்பு என்று கத்தினான். அப்பா என் கையை விட்டார். விட்டுவிட்டு இரண்டு கையையும் தன் தலையின் பின்னால் கோத்துக்கொண்டார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. காவலன் நின்றுவிட்டான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவன் அப்பாவைப் பார்த்தான், பிறகு அப்பாவின் காலடியில் இருந்த பையைப் பார்த்தான்.

"பைக்குள் என்ன?"

"வாழைப்பழம்," என்றேன். "வாழைப்பழமும் பாணும்."

"ஏன் இவர் போக மாட்டேன் என்கிறார்? பைக்குள் என்ன இருக்கிறது?"

"வாழைப்பழம்," என்று மறுபடி கத்தினேன். அவன் தோளில் இருந்த வானொலிக் கருவியில் எதையோ சொன்னான். அப்பாவிடம் அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் நோர்வே மொழியில் கெஞ்சினேன். அப்பாவின் வாயிலிருந்து தமிழ் மட்டும்தான் வந்தது: "பிள்ளையை விடுங்க. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

ஆளுக்கொரு கையாகப் பிடித்து எங்களைக் கீழே கொண்டுபோனார்கள். பையை யாரும் தொடவில்லை. அது மழையில் நனைந்தபடி வாங்கின் கீழே இருந்தது.

அரங்கின் அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேசை, நான்கு கதிரை, சுவரில் தீயணைப்புக் குழாய். ஒரு பொலிஸ் பெண் வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். என்னைப் பார்த்து, "நீ இவருக்கு மொழிபெயர்ப்பாயா?" என்று கேட்டார். என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். என் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைத் தமிழ். ஓம் என்று தலையாட்டினேன்.

"ஏன் எழுந்து வரவில்லை என்று கேள்."

கேட்டேன். அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினார்.

"எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் ஸ்பீக்கரில சொன்னவங்கள். விடியக் காலமை. ஆம்பிளையள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரட்டாம். வராட்டி வீட்டுக்குள்ள வந்து சுடுவாங்களாம்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். இராணுவம் என்ற சொல்லை நானாகச் சேர்த்தேன். பொலிஸ் பெண் எழுதுவதை நிறுத்தினார்.

"தம்பி ஒளிக்கப் போறன் எண்டவன். பின்வளவில பாழ் கிணறு ஒண்டு இருந்தது. அதுக்குள்ள இறங்கப் போறன் எண்டான். நான்தான் விடேல்ல. போய்த் தலையைக் காட்டிட்டு வந்தா முடிஞ்சுது, எல்லாரும் போகினம், ஒண்டும் நடக்காது எண்டு சொல்லிக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனனான்."

"உனக்குச் சித்தப்பா," என்று எனக்காக ஒரு சொல் சேர்த்தார்.

சித்தப்பாவின் படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்தது. மெல்லிய மீசை, வெள்ளைச் சட்டை. காய்ச்சலில் செத்தவர் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். "என் தகப்பனின் தம்பி," என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"கோல் கம்பத்துக்குப் பக்கத்தில வரிசையா இருத்தினாங்கள். ஜீப்புக்குள்ள ஒருத்தன், தலையில சாக்கு. ரெண்டு கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால போகவேணும். தலையாட்டி."

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. "தலையாட்டி எண்டா?"

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகத் தன் தலையை ஒரு தரம் மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். பொலிஸ் பெண் அதைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

"நான் முதல்ல போனன். அவன் ஆட்டேல்ல, என்னை விட்டிட்டாங்கள். தம்பி எனக்குப் பின்னால வந்தவன். நான் திரும்பிப் பாக்கக்குள்ள அவனை லொறியில ஏத்திப்போட்டாங்கள். கையைத் தலைக்குப் பின்னால கோத்துக்கொண்டு இருந்தவன். அவ்வளவுதான்."

"பிறகு?" என்று பொலிஸ் பெண் கேட்டார்.

"பிறகு?" என்று நான் கேட்டேன்.

"பிறகு ஒண்டும் இல்லை."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் யாருடையதோ போல இருந்தது. பொலிஸ் பெண் வெளியே போய் யாரோடோ பேசிவிட்டு வந்தார். அப்பாவின் கடவுச்சீட்டு விடுதியில் இருந்தது. அவர் யார் என்று உறுதிப்படுத்த வேண்டும், அதற்கு அவரை வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அப்பா எழுந்தார். இந்த முறை யாரும் இரண்டு தரம் சொல்லவில்லை. கதவு மூடும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை, காணவும் விரும்பவில்லை.

அந்த இளம் காவலனும் நானும் அறையில் இருந்தோம். மேலே இடி முழங்கும்போதெல்லாம் விளக்கு மங்கி மறுபடி எரிந்தது. அவன் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்குப் பொரியலை என் பக்கம் தள்ளினான்.

"பைக்குள் வாழைப்பழம்தான் இருந்ததாம்," என்றான். பிறகு, "என் அண்ணன் ஈராக்கில், படையில் இருக்கிறான்," என்றான். அதை ஏன் என்னிடம் சொன்னான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா திரும்பி வரமாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அம்மாவுக்கு எந்தச் சொல்லில் சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பயிற்றுநர் எங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் எடுத்தது. தலை முதல் கால் வரை நனைந்து வந்தார். அவருடைய கோப்பில் எல்லோருடைய கடவுச்சீட்டின் பிரதியும் இருந்தது. அதை மேசையில் வைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்கும் அதே குரலில், "என்னுடைய அணியின் பெற்றோர் ஒருவர் எங்கே?" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் அப்பா வந்தார்.

பொலிஸ் பெண் என்னிடம் சொன்னார்: "உன் அப்பாவிடம் சொல். நடந்ததற்கு நான் வருந்துகிறேன். ஆனால் இன்று அவர் உன்னைச் சாகடித்திருக்கக் கூடும்."

நான் அப்பாவைப் பார்த்து, "கவனமாப் போகட்டாம்," என்றேன்.

"எனக்கு விளங்கினது," என்றார் அப்பா. "சரியாத்தான் சொல்லுறா."

மழை ஓய்ந்து ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. பயிற்றுநர் மற்றப் பிள்ளைகளிடம் போனார். நாங்கள் இருவரும் இருக்கைக்குப் போகவில்லை. சீமெந்துப் பாதையின் வாயில் நின்று, முன்னால் நின்ற இரண்டு பேருடைய தலைகளுக்கு நடுவே தெரிந்த ஒரு துண்டுப் புல்லைப் பார்த்தோம். நோர்வே தோற்றது. கோல் விழுந்ததை நான் பார்க்கவில்லை, சத்தத்தில்தான் அறிந்தேன். என் மணிக்கட்டில் நாலு விரலும் சிவந்து பதிந்திருந்தன. அப்பா அதைக் கண்டார். தொடுவதற்குக் கையை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

ஒஸ்லோவுக்கு வந்த அன்று அம்மா மேசையில் இடியப்பம் வைத்துக்கொண்டு, "எப்பிடி மட்ச்?" என்று கேட்டார். புயலையும் பொலிசையும் அப்பாவே சொன்னார். சித்தப்பாவைப் பற்றி என்னிடம் சொன்னதையும் சொன்னார். அம்மாவின் முகம் கறுத்தது.

"பிள்ளைக்கு முன்னால, அதுவும் பொலிசுக்கு முன்னாலயோ சொல்லுறது?"

நாலு நாள் அவர்கள் கதைக்கவில்லை. சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போனது அம்மாவுக்குத் தெரியும். காய்ச்சல் என்று சொன்னது எனக்காக. கோயிலில் ஒரு திவசமாவது செய்வோம் என்று அம்மா ஒவ்வொரு வருடமும் கேட்பாராம். "செத்தவன் எண்டு ஆர் சொன்னது?" என்று அப்பா ஒவ்வொரு வருடமும் அதே பதிலைச் சொல்வாராம். இதெல்லாம் அந்த வாரம் அம்மா எனக்குச் சமையலறையில் சொன்னவை. அவர் சொல்லச் சொல்ல, பாழ் கிணற்றையும் கையில் பிடித்துக் கூட்டிப் போனதையும் அவர் அறியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மேசையில் அப்பா சொன்ன கதையில் அந்தத் துண்டு இருக்கவில்லை. நான் அதை நிரப்பவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் நான் வாயைக் கவனமாகத் திறந்தேன்.

அடுத்த வருடம் நான் விளையாட்டை விட்டேன். முழங்கால் என்று சொன்னேன். முழங்காலில் ஒன்றும் இல்லை. ஒலிபெருக்கி கரகரக்கும்போதெல்லாம் நான் வாசல்களை எண்ணத் தொடங்கியிருந்தேன்.

இதை எழுதலாமா என்று போன மாதம் அப்பாவிடம் கேட்டேன். அவர் இப்போது டிராம் ஓட்டுவதில்லை; கண்ணில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை குறைந்துவிட்டது. அம்மா வாசிப்பா, கிணற்றுக் கதையும் வரும் என்று சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"எழுது," என்றார். "கொம்மாவுக்கு நான் முதல்ல சொல்லுறன். ஒரு கிழமை தா."

அந்த ஒரு வாரத்தைக் கொடுத்தேன். அப்பா சொல்லிவிட்டார் என்று அம்மாவின் குரலில் இருந்தே தெரிந்தது. தொலைபேசியில் அம்மா, "மனிசன் ரெண்டு நாளாப் படுக்கேல்ல. வந்து ஒருக்காப் பாத்திட்டுப் போ," என்றார்.

போனேன். அப்பா வாசலுக்கே வந்தார்.

"பேர் மட்டும் போடாத," என்றார்.

"உங்கட பேரையோ?"

"அவன்ர பேரை. எங்கயாவது வேற பேரில இருக்கிறானெண்டால், நாங்க காட்டிக் குடுத்ததா இருக்கக் கூடாது."

ஊரின் பெயரையும் அதனால்தான் எழுதவில்லை.